பீரங்கி போச்சு, கட்டுப்பாடு போகலை!

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்கா எங்கே என்று கேட்டால், சின்னப் பிள்ளை கூட இப்ராஹிம் சாகிப் தெருவுக்குக் கை காட்டும். பூங்காவைத் தாங்கி நிற்கிற சுவர் என்ன சுவர் என்று கேட்டுப் பாருங்கள்!

"பழைய ஜெயில் சுவர் சார்" என்றார் டீக்கடைக்காரர். "வெள்ளைக்காரன் குதிரை கட்டின இடம்" என்றார் ரிக்ஷாக்காரர்.

ரெண்டும் இல்லை. அது பட்டணத்துக்குக் காவலாகப் பீரங்கி வைத்த சுவர்.

1746-ல் பிரெஞ்சுக்காரன் செயின்ட் ஜார்ஜ் கோட்டையையே பிடித்துவிட்டான். 1749-ல்தான் திருப்பிக் கொடுத்தான். 1758 டிசம்பரில் லாலி படையோடு வந்தான். கோட்டை தப்பியது. ஆனால் வெளியே நம்ம ஜனங்கள் இருந்த கருப்பர் பட்டணம் சூறை போனது. 1767-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வந்து கலக்கியது. 1769-ல் ஹைதரே வந்து நின்றார். கம்பெனிக்காரன் ஆடிப்போனான்!

அப்புறம்தான் பால் பென்ஃபீல்டு என்ற காண்டிராக்டரை வைத்துப் பட்டணத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். அங்கங்கே கொத்தளம், மேலே பீரங்கி. சுவர்ச் செலவுக்கு வரி என்று பேச்சு எழுந்தது. வால்டாக்ஸ் ரோடு பெயர் வந்தது. சுவரில் வைத்த வாசல்தான் யானைக்கவுனி. பேர் நிற்கிறது, சுவர் பெரும்பாலும் போச்சு. மிச்சம் இந்தத் துண்டுதான்.

பீரங்கிக்கு எதிரே வீடு இருந்தால் எதிரி ஒளிந்துகொள்வான். அதனால் கோட்டையை ஒட்டியிருந்த வீடுகள் அந்த நாளில் தரைமட்டமாயின. இன்றைக்கு ஐகோர்ட் நிற்பது அந்த மண்ணில்தான். 'இதைத் தாண்டித்தான் வீடு கட்டலாம்' என்று 1773-ல் ஆறு கல்தூண் நட்டார்கள். ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது.

பீரங்கி போய் எத்தனையோ காலம் ஆச்சு. கட்டுப்பாடு மட்டும் வேறு ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2010-ல் திருத்திய மத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். இருக்கிற வீட்டை ரிப்பேர் செய்யவும் அனுமதி வேண்டும்.

"மழை வந்தா தளம் ஒழுகுது தம்பி. கை வைக்கலாமா கூடாதான்னே தெரியலை. ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க" என்றார் பக்கத்துச் சந்தில் ஓர் அம்மா.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் இல்லாவிட்டால் இந்தச் சுவரும் என்றைக்கோ அடுக்குமாடி ஆகியிருக்கும். ஆனால் சுவருக்காக வீட்டுக்காரன் கஷ்டப்பட வேண்டுமென்றால், அது என்ன சுவர் என்று அவனுக்குச் சொல்ல வேண்டாமா? 100 மீட்டர் எங்கே முடிகிறது என்று காட்ட வேண்டாமா?

கம்பெனிக்காரன் கொள்ளைக்காரன்தான். ஆனாலும் கல் நட்டு எல்லை காட்டினான். மாடிப் பூங்காவைச் சுற்றி அப்படி ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை!

செய்ய வேண்டியது மூணே காரியம். சுவரின் கதையைத் தமிழில் பெரிய போர்டாக எழுதி வையுங்கள். 100 மீட்டர் எல்லையைத் தெருவில் குறியுங்கள். ஒழுகுகிற தளத்துக்கு அனுமதி கேட்க ஜனங்களை அலைய விடாமல், மாசத்தில் ஒரு நாள் அந்தப் பேட்டையிலேயே முகாம் போடுங்கள்.

ஒரு காலத்தில் ஜனங்களைக் காப்பாற்றக் கட்டின சுவர் இது. இன்றைக்கு ஜனங்கள் அதைக் காப்பாற்ற வேண்டும். அதற்கு முதலில் அவர்கள் அதைத் திட்டாமல் இருக்க வேண்டும்.

அதிகாரிகள் ஒரு நடை வந்து பார்ப்பார்களா?