இறையிலியும் விலக்கும்

நூலுக்கு வரி கிடையாது என்கிறார்கள். சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலை 1 முதல் இந்த வாசகத்தைக் கேட்டு வருகிறோம். அச்சிட்ட நூலின் விற்பனைக்கு வரி இல்லை என்பது சட்டப்படி உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் எதை மறைக்கிறார்கள் என்பதே எங்கள் கேள்வி.

வரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்த மண் புதுக்கோட்டை. 1929-இல் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால் கடமை, அந்தராயம் என்று வரிப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த அரசர்களை நாங்கள் கொண்டாடவில்லை. அவர்களின் வரியும் குடிகளை வாட்டியிருக்கிறது. ஆனால் நிலத்தை இறையிலியாக விட்டபோது நான்கெல்லையைச் சொல்லி, எந்தெந்த வரிகள் நீங்கின என்பதையும் பல கல்வெட்டுகளில் எழுதி வைத்தார்கள். இன்றைய ‘விலக்கு’ அப்படிப்பட்டதன்று.

எங்கள் மாவட்டத்துச் சிறு பதிப்பாளர் ஒருவர் கவிதைத் தொகுப்பு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஐம்பதாயிரம் ரூபாய்க்குத் தாள் வாங்குகிறார். முன்பு பன்னிரண்டு விழுக்காடாக இருந்த தாளின் வரி 2025 செப்டம்பர் 22 முதல் பதினெட்டு. ஆறாயிரம் ஒன்பதாயிரமாயிற்று. அச்சுக்கூலிக்கும் வரி உண்டு. கவிஞருக்குப் பத்தாயிரம் ரூபாய் உரிமைத்தொகை கொடுத்தால் அதற்கும் பதினெட்டு விழுக்காடு. 2021 அக்டோபருக்கு முன் அது பன்னிரண்டாக இருந்தது. அதைக் கவிஞர் கட்ட வேண்டியதில்லை. எதிர்முறை வரி என்னும் ஏற்பாட்டின்படி வாங்குகிற பதிப்பாளரே கட்ட வேண்டும். எழுதுகிறவர் தாமே பதிவு செய்துகொண்டு கட்டலாம் என்று 2019-இல் ஒரு மாற்று வழியும் சேர்த்தார்கள். சிக்கலுக்கு மருந்து இன்னொரு சிக்கல்.

பிற வணிகர்கள் உள்ளீட்டுக்குக் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்கிறார்கள். நூலுக்கு விற்பனை வரி இல்லாததால் பதிப்பாளருக்கு அந்தக் கழிவும் இல்லை. கட்டியது கட்டியதுதான். அது நூலின் விலையில் ஏறி, வாசகரின் பையிலிருந்து போகிறது. ரசீதில் மட்டும் வரி பூச்சியம். வரி இல்லை என்பதன்று, வரி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே இந்த விலக்கின் பொருள்.

விதிகளின் தருக்கத்தையும் பாருங்கள். ஒரே வகைத் தாள், எழுதாத நோட்டுப் புத்தகமாகப் போனால் வரி இல்லை. நூலாக அச்சேறப் போனால் பதினெட்டு விழுக்காடு. வெற்றுத் தாளுக்குச் சலுகை, எழுத்துக்குத் தண்டனை! மின்னூலின் கதை இன்னும் விசித்திரம். அச்சுப் பதிப்பு உள்ள நூலின் மின்வடிவத்துக்கு ஐந்து விழுக்காடு. அச்சே காணாத மின்னூலுக்குப் பதினெட்டு. அச்சிடப் பணமில்லாமல் மின்னூலாக மட்டும் வெளியிடும் இளைஞர்தான் கூடுதல் வரிக்கு உரியவர்.

இந்த மாவட்டத்து ராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன், சக்தி காரியாலயத்தின் வழியே நல்ல நூல்களை மலிவு விலையில் தமிழர் கையில் சேர்த்தார். தாளின் விலையில் ஒவ்வொரு காசையும் எண்ணியவர்களால்தான் அது முடிந்தது. ஞானாலயா போன்ற தனியார் நூலகம் புதுக்கோட்டையில் வளர்ந்ததற்கும் நூலுக்காகக் கைக்காசைச் செலவிட்ட மனிதர்களே காரணம். இப்படிப்பட்டவர்களின் முயற்சியில்தான் இந்த மறைமுக வரி கை வைக்கிறது. பெரிய நிறுவனத்துக்குக் கணக்கர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. முந்நூறு படிகள் அச்சிடுகிறவருக்கு யார் உண்டு? விகிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் வட்டியும் அபராதமும் அவர் தலையில்.

கேட்டால்தான் என்ன என்று சிலர் சொல்லலாம். 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் உணவகத் தொழிலதிபர், பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீம் வைத்தால் வரி பதினெட்டு என்று நிதியமைச்சரிடம் நகைச்சுவையாக எடுத்துச் சொன்னார். அடுத்து வெளியான காணொலியில் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வசதி படைத்தவருக்கே இந்த நிலை. அதே நிதியமைச்சர் 2019 ஜூலை 5 அன்று வரவுசெலவுத் திட்ட உரையில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்துக்காட்டினார். அறிந்து திரட்டும் அரசையும், யானை புகுந்த வயலாக்கும் அரசையும் வேறுபடுத்தும் பாடல் அது. அந்தப் பாடலை இன்று உரையோடு அச்சிட்டால் தாளுக்கு வரி, உரையாசிரியரின் உரிமைத்தொகைக்கு வரி. மேற்கோளுக்கு மட்டும் விலக்கு.

அரசுக்கு வருவாய் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பள்ளியும் பொது நூலகமும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் நூலின் மீதான இந்த வரியால் கருவூலம் நிறையப் போவதில்லை. சிறு பதிப்பகங்கள் மட்டுமே மெலியும். மாற்று வழியும் புதிதன்று. பிரிட்டனில் நூலுக்குப் பூச்சிய விகிதம். உள்ளீட்டு வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெறலாம். 2020 மே மாதம் முதல் மின்னூலுக்கும் அதுவே விதி. நம் சட்டத்திலும் ஏற்றுமதிக்குப் பூச்சிய விகிதம் இருக்கிறது. ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பதைத் தமிழ் நூலுக்கும் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. உரிமைத்தொகை மீதான வரியை நீக்குங்கள். அச்சு நூலையும் மின்னூலையும் ஒரே கண்ணால் பாருங்கள்.

இதைச் செய்ய மனமில்லையெனில், நூலுக்கு வரி இல்லை என்று சொல்வதையாவது நிறுத்துங்கள்.