கார் நிக்கோபார்க் கிறித்தவமும் ‘அடையாள இழப்பு’ என்னும் கருதுகோளும்: ஒரு மறுப்பு

முதலாம் இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் (கி.பி. 1030) இடம்பெறும் ‘மாநக்கவாரம்’ நிக்கோபார்த் தீவுகளையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். சோழரின் கடல்கடந்த புகழுக்குச் சான்று தேடும்போதெல்லாம் இப்பெயர் தவறாமல் எடுத்தாளப்படுகின்றது. ஆயினும் அத்தீவுகளில் வாழும் மக்களைப் பற்றிய ஆர்வம் அக்கல்வெட்டுச் சொல்லோடு நின்றுவிடுகின்றது. அதனைக் கடந்து செல்வோரும், ‘கிறித்தவத்தால் தம் அடையாளத்தை இழந்த தொல்குடியினர்’ என்ற ஒற்றைத் தொடருக்குள் அம்மக்களை அடக்கிவிடுகின்றனர். இக்கருதுகோள் வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்தாதது என்பதும், தமிழாய்வு தனக்கென வைத்துள்ள அளவுகோலுக்கே முரணானது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தோற்ற முயற்சி

சமயம் வெளியிலிருந்து வந்து ஒரு குடியை எளிதில் மாற்றிவிடும் என்போர் முதலில் விடை கூறவேண்டியது மொரேவிய மறைப்பணியின் தோல்விக்கு ஆகும். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியச் சகோதரர்கள், டேனியர் உரிமை கொண்டாடிய நிக்கோபாரில் 1768இல் பணியைத் தொடங்கினர். நான்கௌரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முயன்றனர். பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். இறுதியில் 1787இல் பணி கைவிடப்பட்டது. மொழித்தடையும் நோயும் மட்டுமே இதற்குக் காரணம் எனல் அரைகுறை விளக்கமாகும். தீவு மக்கள் அன்று அச்சமயத்தை ஏற்கவில்லை என்பதே நேரிய விடை. ஏற்க மறுக்கும் ஆற்றல் உடைய ஒரு மக்களே பின்னர் ஏற்றனர். எனவே அவ்வேற்பை வெறும் பணிவு என்று கொள்வதற்கு இடமில்லை.

ஏற்பின் வழி

கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் 1896இல் பணியமர்ந்தவர் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார். ஆங்கிலேய அரசின் முகவராகவும் பள்ளி ஆசிரியராகவும் அவர் ஒருசேரப் பணியாற்றினார். அவருடைய நாட்குறிப்புப் பகுதிகள் அக்காலத்து ஊர் வாழ்வுக்கும் சடங்குகளுக்கும் பேயேறியோர் எனக் கருதப்பட்டவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகளுக்கும் முதன்மைச் சான்றுகளாக உள்ளன. தமிழர் ஒருவர் தந்த இவ்வினவரைவியல் செய்தி, தமிழ்த் துறைகளில் உரிய கவனம் பெறாதது வியப்புக்குரியது. எனினும் அவரைத் தமிழினப் பெருமையின் சின்னமாக்குதலும் பிழையே. அவர் கையில் மறைநூலோடு அரசாணையும் இருந்தது.

சாலமோனின் மாணவர்களுள் ஒருவரே ஹச்சேவ்கா என்னும் இயற்பெயர் கொண்ட ஜான் ரிச்சர்ட்சன். மாண்டலேயில் பயின்று தாயகம் திரும்பிய அவர் புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். 1952இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டார், பேராயராகவும் விளங்கினார். கார் நிக்கோபார் மொழி பரவலான எழுத்து வழக்குப் பெற்றதில் பள்ளிக்கும் வழிபாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. மொழியை அடையாளத்தின் உயிர்நிலையாகக் கொள்ளும் தமிழாய்வாளர், ஒரு மக்களின் மொழிக்கு எழுத்து வாழ்வு அளித்த சமயத்தை அடையாள அழிவின் கருவி என்று எங்ஙனம் கூற இயலும்?

சமயம் பெருமளவில் பரவியது 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானிய ஆக்கிரமிப்புக்குப் பின்னரே என்பதும் கருதத்தக்கது. ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் தீவினர் பலர் வதைக்கப்பட்டனர், கொல்லப்பட்டனர், ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார். அத்துயரைத் தம்மோடு பகிர்ந்த தம்மவர் ஒருவரின் தலைமையிலேயே மக்கள் குடும்பம் குடும்பமாகத் திருச்சபையை நாடினர். இங்கு மாற்றத்தின் அலகு தனிமனிதன் அல்லன். ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக்குடும்பமே ஆகும். நிலமும் தென்னையும் பன்றியும் துஹெத்தின் பொதுவுடைமை. சீர்திருத்தக் கிறித்தவம் தனிமனித நம்பிக்கையை முன்னிறுத்துவது என்ற மேலைப் பொதுவிதி கார் நிக்கோபாரில் செல்லாமற்போவது இதனாலேயே. மூதாதையரை நினைந்து எடுக்கப்படும் பன்றி விழா கிறித்தவக் குடும்பங்களிலும் தொடர்கின்றது. திருச்சபை துஹெத்தைக் கரைக்கவில்லை. துஹெத்தே திருச்சபையைத் தன் வடிவுக்கு இசைவித்துக்கொண்டது.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

இழப்பே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ‘தமிலுவானா’ எனப்பட்ட மருத்துவச் சடங்காளரின் செல்வாக்குக் குன்றியது. மறைநூற் பெயர்கள் பழம்பெயர்களின் இடத்தைப் பற்றின. கார் நிக்கோபார் வழக்கு வழிபாட்டு மொழியாகப் பிற தீவுகளுக்கும் சென்றதால் அங்குள்ள மொழிவழக்குகள் பின்தள்ளப்பட்டன. இவை மறுக்கவியலாதவை. ஆனால் மாற்றம் வேறு, அடையாள இழப்பு வேறு. மாற்றங்களுள் எதனை ஏற்பது, எதனை விடுவது என்று தேர்ந்தவர்கள் யார் என்னும் வினாவை எழுப்பாமல் இழப்பைப் பட்டியலிடுவது ஆய்வாகாது.

துஹெத்தை உண்மையிலேயே உலுக்கியது எது? 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை கடற்கரை ஊர்களையும் தேவாலயங்களையும் அழித்தது. அதன்பின் வந்த துயர்துடைப்பு, தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டு பணத்தையும் வீட்டையும் வழங்கியது. பொதுவுடைமையைப் பேணிவந்த கூட்டுக்குடும்பங்களில் பங்கீட்டுப் பூசல்களும் பிரிவினைகளும் இதனால் தோன்றின. நூற்றாண்டுக் காலக் கிறித்தவம் செய்யாததைச் சில ஆண்டு நிருவாகம் செய்யத் தலைப்பட்டது. ‘சமயத்தால் கெட்டனர்’ என்ற கருதுகோளின் உண்மையான கேடு இதுவே: அது தவறான இடத்தில் குற்றவாளியைத் தேடி, உரிய இடத்தில் கேட்க வேண்டிய வினாவைக் கேட்கவிடாமல் செய்கின்றது.

இரு அளவுகோல்கள்

எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழ்க் காப்பியமாகவும் தஞ்சை வேதநாயக சாத்திரியாரைத் தமிழ்ப் புலவராகவும் தமிழ்த் துறைகள் தயக்கமின்றிப் பாடத்திட்டத்தில் வைக்கின்றன. அவர்தம் கிறித்தவம் அவர்களின் தமிழ்மையைக் குறைத்தது என்று எவரும் எழுதுவதில்லை. அவ்வாறிருக்க, கிறித்தவராயினமையாலேயே நிக்கோபாரியர் நிக்கோபாரியத் தன்மை இழந்தார் என்பது எவ்வகை நீதி? எழுத்திலக்கியம் உடையோர் சமயத்தைத் தம்வயமாக்குவர், எழுத்திலக்கியம் இல்லாதோரைச் சமயம் விழுங்கிவிடும் என்ற சொல்லப்படாத எண்ணமே இவ்விரு அளவுகோல்களின் அடியில் உள்ளது. ‘இருளில் இருந்தோர்க்கு ஒளி தந்தோம்’ என்ற பழைய மறைப்பணி வரலாற்றின் மறுதலையே இது. இரண்டிலும் தீவு மக்கள் செயலற்றவர்களாகவே காட்சியளிக்கின்றனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நிக்கோபார் மாவட்டத்தின் 36,842 பேரில் ஏறத்தாழப் பத்தில் எழுவர் கிறித்தவர். அவர்களுள் நிக்கோபாரியராய் இருப்போர் தாம் யார் என்பதைத் தாமே அறிவர். மாநக்கவாரத்தைக் கல்லில் படித்துப் பெருமிதம் கொள்ளும் தமிழாய்வு, அம்மக்களின் மொழியைக் கற்று அவர்தம் சொல்லையும் செவிமடுத்தல் கடனாகும். அதனைச் செய்யும்வரை, அவர்கள் எதை இழந்தனர் என்று தீர்ப்பு எழுதும் தகுதி அதற்கு இல்லை.