பழைய டியூபாவுல அப்படி என்ன இருக்கு?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியா சொல்லித் தர வேண்டாம்: நல்ல தோல் போடப் போடப் பழகும். புது ஷூ முதல் வாரம் கடிக்கும், அப்புறம் காலோட வளைவு அதுக்குத் தெரிஞ்சுடும். பழைய பித்தளை வாத்தியத்தைப் பத்தியும் நம்ம பேண்டு அண்ணன்கள் இப்படித்தான் பேசுவாங்க. "ஊதி ஊதிப் பித்தளை பழகிடுச்சு தம்பி, அதான் இந்த சவுண்டு."

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இதை அப்படியே ஒத்துக்க மனசு வரல. தோலுக்குள்ள நார்ப் பின்னல் இருக்கு, வளைய வளைய அது தளரும். பித்தளைங்கறது பெரும்பாலும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். உள்ளே காத்து அதிர்றதால அது இளகிடாது. 1971-ல ஜான் கோல்ட்மன்ங்கற ஆய்வாளர் வெள்ளி, செம்பு, மரம்னு மூணுலயும் ஒரே அளவுல புல்லாங்குழல் செஞ்சு, கண்ணுக்குத் தெரியாம வாசிக்க வெச்சார். எது எதுன்னு கேட்டவங்களால பிரிச்சுச் சொல்ல முடியல. டியூபா வேற வாத்தியம்தான், ஆனா அங்கயும் சத்தத்தை முதல்ல முடிவு பண்றது உள்ளே நிக்கற காத்தோட வடிவம்.

அப்போ பழைய டியூபா வாசிக்க ஏன் இவ்வளவு சுகமா இருக்கு? என் பதில் இதுதான்: அது பாதி வேலையை நம்மகிட்டயே விட்டுடுது.

டியூபா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கல்யாண பேண்டுல பாட்டை வாசிக்கறது டிரம்பெட்டும் கிளாரினெட்டும். அடியில 'பூம் பூம்'னு தாங்கிப் பிடிக்கறது டியூபா, இல்லன்னா அதோட சொந்தக்காரனான, தோள்ல சுத்திக்கிற சூசபோன். 1835-ல பெர்லின்ல விப்ரெக்ட், மோரிட்ஸ்னு ரெண்டு பேர் இதுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. இன்னிக்கு இருக்கற பெரிய பி-ஃபிளாட் டியூபாவைச் சுருள் பிரிச்சு நீட்டினா சுமார் 18 அடி, அதாவது ஐந்தரை மீட்டர் குழாய். வால்வு எதையும் அழுத்தாம ஊதற அதோட சாதாரண கீழ் ஸ்வரமே 58 ஹெர்ட்ஸ். அது காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுக்கூட்டுல தெரியும்.

இனி கணக்கு. பழைய சாதா மாடல்ல மூணு வால்வு. ஒவ்வொண்ணையும் அழுத்தினா குழாய் கொஞ்சம் நீளும், ஸ்வரம் இறங்கும். அரை ஸ்வரம் இறங்க 5.9 சதவீதம், ஒரு ஸ்வரத்துக்கு 12.2, ஒன்றரைக்கு 18.9. மூணையும் சேர்த்து அழுத்தினா 37.1 சதவீதம் வருது. ஆனா மூணு ஸ்வரம் இறங்க வேண்டிய நீளம் 41.4. ஐந்தரை மீட்டர் குழாய்ல கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர் குறையுது! அதனால ஸ்வரம் கால் ஸ்வரம் மேல போய் நிக்கும். 1874-ல லண்டன் பூசி கம்பெனியில இருந்த பிளேக்லி, உள்ளேயே கூடுதல் குழாய் வெச்சு இதைச் சரி பண்ண ஒரு வழி கண்டுபிடிச்சார். அந்த வசதி இல்லாத டியூபாவுல அந்த 24 சென்டிமீட்டரை நாமதான் கொடுக்கணும், உதட்டைத் தளர்த்தியோ ஸ்லைடை இழுத்தோ. ஒவ்வொரு ஸ்வரத்தையும் முதல்ல மனசுல கேட்டுட்டுத்தான் ஊத முடியும். நாகஸ்வரத்துல விரலோட உதடும் மூச்சும் சேர்ந்து ஸ்வரத்தைப் பிடிக்குதே, அதே சுகம். கீபோர்டுல பட்டனை அழுத்தினா ஸ்வரம் வந்துடும், சரிதான். ஆனா அதைப் பிடிச்சது நாம இல்ல.

எங்க சர்ச்ல ஒரு பழைய பிரிட்டிஷ் டியூபா இருக்கு. டொக்கு விழுந்து, கம்பெனி பேர் தேஞ்சு போச்சு. கைப்பிடியில சுத்தியிருக்கற தோல், ஷூ கம்பெனியில வேலை பாக்கற ஒரு அண்ணன் துண்டுத் தோல்ல தெச்சது. உண்மையாவே பழகினது அந்தத் தோல் மட்டும்தான். இப்போ கமிட்டியில "கீபோர்டோட சுருதி சேரல, காயலான் கடைக்குப் போட்டுடலாம்"னு பேச்சு ஓடுது. பத்து கிலோ பித்தளைக்கு என்ன கிடைக்கும்னு ஒருத்தர் விசாரிச்சும் பாத்துட்டாரு.

சுருதி சேராததுக்குக் காரணம் டியூபா கெட்டுப்போனது இல்ல. 1939-ல லண்டன் மாநாடு 440 ஹெர்ட்ஸைப் பொது சுருதியா சொன்ன பிறகும், பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகளும் சால்வேஷன் ஆர்மி பேண்டுகளும் 1960-கள் வரைக்கும் சுமார் 452-லயே வாசிச்சுட்டு இருந்தாங்க. அந்தக் கால வாத்தியம் இன்னிக்கு மேல போய்த்தான் நிக்கும். சுமார் 15 சென்டிமீட்டர் குழாய் கூடினா சரியாகும். ஸ்லைடுக்கு ரெண்டு கால் இருக்கறதால ஏழெட்டு சென்டிமீட்டர் வெளியே இழுத்தா போதும். ஸ்லைடு அவ்வளவு நீளம் வரலன்னா, நிறைய கீபோர்டுல டியூனிங் மெனு இருக்கு, கீபோர்டை 452-க்கு ஏத்திடலாம். அதுக்கு செலவு பூஜ்யம்.

"பழசுன்னாலே நல்லது"ன்னு நான் சொல்ல வரல. பிஸ்டன் தேஞ்சு காத்து ஒழுகினா அந்த டியூபாவோட மல்லுக்கட்டறதுல எந்த சுகமும் இல்ல. வால்வை அழுத்தாம அதோட ஸ்லைடை மெதுவா வெளியே இழுங்க, அப்புறம் வால்வை அழுத்துங்க. 'பொப்'னு சத்தம் வந்தா காத்து நிக்குதுன்னு அர்த்தம். வரலன்னா ரிப்பேர் ஆளைப் பாருங்க. டொக்கைத் தட்டி எடுக்கலாம், விட்டுப்போன இணைப்பை ஈயம் வெச்சுப் பத்த வைக்கலாம், கார்க்கும் ஃபெல்ட்டும் மாத்தலாம். இதுக்கெல்லாம் வெளிநாட்டைப் பாக்க வேண்டாம். மீரட்ல 1885-ல ஆரம்பிச்ச நாதிர் அலி கம்பெனி பேண்டு வாத்தியம் பண்ணிட்டு இருக்கு. எதுவும் தேறலன்னா புதுசு வாங்குங்க, அதுலயும் தப்பில்ல.

ஆனா ஊதிப் பாக்காம எடை போடாதீங்க. வித்துட்டா போறது பித்தளை மட்டும் இல்ல, அடுத்து ஒரு பையனோ பொண்ணோ காதால ஸ்வரம் பிடிக்கக் கத்துக்கற இடமும் போயிடும். உங்க ஊர் சர்ச்லயோ, ஸ்கூல் ஸ்டோர் ரூம்லயோ ஒண்ணு தூசி பிடிச்சுக் கிடந்தா, வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, வால்வு எண்ணெய் விட்டு, ஒரு ஜூனியர்கிட்ட மூணு மாசம் குடுங்க. வைக்கறதா விக்கறதான்னு அதுக்கப்புறம் மீட்டிங் போடலாம். அந்த மீட்டிங்ல அந்த ஜூனியருக்கும் ஒரு நாற்காலி போடுங்க.