யாருடைய அவமானம்?

டெக்சாஸ் மாநிலத்து மார்ஃபா நகரிலே 1909இல் எழுந்த பிளாக்வெல் பள்ளிக்கூடம், மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை வெள்ளைப் பிள்ளைகளினின்றும் பிரித்துவைத்த இடம். சட்டம் அவ்வாறு விதிக்கவில்லை, வழக்கமே போதுமாயிற்று! 1954இல் நிகழ்ந்த கொடுமையை என்னென்பது? தாய்மொழியாம் ஸ்பானியத்தின் சொற்களைக் காகிதத் துண்டுகளில் எழுதுவித்து, பெட்டியிலிட்டு, மாணவர் கையாலேயே மண்ணிற் புதைப்பித்தனர். 1965இல் பள்ளி மூடப்பட்டது. எஞ்சிய மண்கல் கட்டடம் அழியாது காத்தவர் எவர்? அங்கு பயின்ற பழைய மாணவரே. 2022இல்தான் அமெரிக்க அரசு அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டமியற்றியது.

“பழைய அவமானத்தை ஏன் கிளறவேண்டும்?” என்கின்றனர் சில கனவான்கள். யாருடைய அவமானம் ஐயா? புதைக்கச் சொன்னவருடையதன்றோ! தளபதிகளின் மாளிகைகளைப் பேணும்போது இக்கேள்வி எழுவதில்லை. இத்தகைய ‘மெக்சிக்கப் பள்ளிகள்’ பல ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றையேனும் இடிக்காது விடுங்கள் என்கிறோம் நாம்.