புவிவெப்பமும் 'ஸ்கோப் இல்லை' என்ற மந்திரமும்

புவிவெப்ப மின்சாரத் துறைக்குப் போகிறேன் என்று ஒரு என்ஜினியரிங் மாணவன் வாயைத் திறந்தால் போதும். வீட்டில் அப்பா, காலேஜில் ஹெச்.ஓ.டி., ரயிலில் பக்கத்து சீட்காரர் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "இந்தியாவுல அதுக்கு ஸ்கோப் இல்லையேப்பா!"

அவர்கள் சொல்வது பொய்யில்லை. வணிகரீதியில் ஓடும் புவிவெப்ப மின்நிலையம் இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஏன் இல்லை? பூமிக்குள் சூடு இல்லாததாலா?

லடாக்கில் புகா பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம். உடம்பு விறைக்கும் அந்தக் குளிரில் தரையிலிருந்து வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970களிலேயே அங்கே துளையிட்டுப் பார்த்துவிட்டது. அதே துறை 2022-ல் வெளியிட்ட அட்லஸில் நாடு முழுக்க 381 இடங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன; மொத்தம் 10,600 மெகாவாட் வரை கிடைக்கலாம் என்பது மதிப்பீடு. இருந்தும் புகாவில் வெறும் 1 மெகாவாட் நிலையத்துக்கு ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது 2021-ல்தான். மறுவருடம் துளையிடும்போது வெந்நீர் வெளியேறி ஓடையில் கலந்ததால் வேலையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. தொட்டு ஐம்பது வருடமான இடத்தின் கதை இது!

இப்போது கென்யாவைப் பாருங்கள். அங்கே ஒல்காரியாவில் முதல் 15 மெகாவாட் யூனிட் ஓடத் தொடங்கியது 1981-ல். இன்றைக்கு அந்த நாட்டு மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் பூமிக்கு அடியிலிருந்து வருகிறது.

"அது எரிமலைப் பிரதேசம் சார், நமக்கு எப்படி?" என்று உடனே ஒரு கேள்வி வரும். சரி, அதே பிளவுப் பள்ளத்தாக்கு எத்தியோப்பியாவிலும் தான்சானியாவிலும்தானே ஓடுகிறது? அவை ஏன் கென்யாவின் கிட்டேகூட வரவில்லை? ஐஸ்லாந்தில் வளரும் நாடுகளுக்காக ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சி ஒன்று 1979 முதல் நடக்கிறது. அதற்கு அதிகம் பேரை அனுப்பிய நாடுகளில் கென்யா முன்வரிசையில் நிற்கிறது. போனவர்கள் திரும்பி வந்து ஒல்காரியாவில் வேலை செய்தார்கள். கென்ஜென் நிறுவனத்தின் ஆட்கள் எத்தியோப்பியாவுக்கும் ஜிபூட்டிக்கும் போய்த் துளையிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பூமியின் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு இது நடந்துவிடாது.

இந்த வேலைக்கு வானத்திலிருந்து ஒரு புதுப் படிப்பு இறங்கி வரவும் வேண்டாம். எங்கே துளையிடுவது என்று சொல்ல ஜியாலஜி படித்தவர் வேண்டும். வெந்நீரில் கரைந்து வரும் சிலிக்கா குழாயில் படிந்து அடைக்காமல் பார்க்க கெமிஸ்ட் வேண்டும். எடுத்த நீரை எந்தக் கிணறு வழியாக மறுபடி உள்ளே அனுப்பினால் சூடு குறையாது என்று கணக்குப் போட ரிசர்வாயர் என்ஜினியர் வேண்டும். டர்பைனுக்கு மெக்கானிக்கல். துளையிட, எண்ணெய்க் கிணற்றில் பழகிய கை போதும். 2017-ல் தொடங்கி இன்று அமெரிக்காவில் பேசப்படும் ஃபெர்வோ எனர்ஜியின் நிறுவனர்களில் ஒருவரான டிம் லாட்டிமர், எண்ணெய்த் துறையில் துளையிடும் என்ஜினியராக இருந்தவர்தான். இந்தியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டியவர்களுக்கா பஞ்சம்?

ஆக, நிலையம் இல்லாததால் வேலை இல்லை. ஆள் இல்லாததால் நிலையம் இல்லை. செக்குமாடு மாதிரி இதையே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக "கனவு காணுங்கள், துணிந்து இறங்குங்கள்" என்று பதினெட்டு வயதுப் பையனை உசுப்பேற்றுவதும் அயோக்கியத்தனம். கல்விக்கடனை அவன்தான் கட்ட வேண்டும், உசுப்பேற்றியவர் அல்ல! முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியது மத்திய அரசும் கல்லூரிகளும்தான். 2025-ல் தேசியப் புவிவெப்பக் கொள்கை வந்துவிட்டது, நல்லது. ஆனால் கொள்கை போய்த் துளையிடாது. வருடத்துக்கு இத்தனை பேருக்கு உதவித்தொகை, பயிற்சி, முடித்ததும் புகா மாதிரி இடங்களில் வேலை என்று எழுதிக் கொடுக்கட்டும். ஜியாலஜி, மெக்கானிக்கல் துறைகளில் ஒரு எலெக்டிவ் பாடமாவது வைக்கட்டும்.

1979-ல் கென்யாவிலும் ஒரு புவிவெப்ப மின்நிலையம்கூட ஓடவில்லை. அங்கேயும் எல்லோரும் "ஸ்கோப் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால்?