தோளில் ஒரு தழும்பு

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் ஒரு குன்று உண்டு. பெயர் ஔஷதகிரி. அநுமார் சுமந்து சென்ற சஞ்சீவி மலையின் துண்டு அது என்பது ஐதீகம். கோயிலில் முடி இறக்கும் குழந்தைகளின் இடது தோளைப் பாருங்கள். சிறு தழும்பு தெரியும். பி.சி.ஜி. ஊசியின் அடையாளம்!

காச நோயைத் தடுக்கும் இம்மருந்துக்கு 1948-ல் கிண்டியில் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. 1955-ல் ராஜாஜியே இந்த ஊசியை எதிர்த்தார். 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரிய சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது.

அப்படியானால் ஊசி வீணா? இல்லை! குழந்தைகளைக் கொல்லும் மூளைக் காசத்திலிருந்து அது காக்கிறது.

இன்னொரு புதுமையும் உண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் சுமார் 2 மீட்டர் நீளப் பரம்பரை நூல் இருக்கிறது. கதிரில் சுற்றிய நூல்போல அது புரதத்தின்மேல் சுற்றிக் கிடக்கிறது. கிருமி வந்தால் வெள்ளை அணுக்கள் வேண்டிய இடத்தில் சுற்றைத் தளர்த்துகின்றன. அங்குள்ள கட்டளைப்படி காய்ச்சலும் வீக்கமும் எழுகின்றன. பி.சி.ஜி. போட்டவர்களிடம் 3 மாதம் கழித்தும் அந்தத் தளர்ச்சியின் அடையாளம் இருந்ததை நெதர்லாந்து விஞ்ஞானிகள் 2012-ல் வெளியிட்டார்கள். வேறு கிருமி வந்தாலும் அந்த அணுக்கள் வேகமாக எழுந்தன!

ஆனால் தீ அடுப்போடு நிற்க வேண்டும். அடங்காத வீக்கமே நோயாகிவிடும்.

ஆகவே, குழந்தை பிறந்ததும் போடும் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. பெரியவர்கள் தழும்பை நம்பி இருமலை மறைக்கவும் கூடாது. இரண்டு வாரம் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மொட்டை வேண்டுதலை மறக்காத குடும்பம் இதை மறக்கலாமா?