வராத ஐந்தாம் அத்தியாயம்

நின்றுபோன சிற்றிதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். எந்தப் பத்திரிகையின் கடைசி இதழும் தான்தான் கடைசி என்று அறிந்து அச்சாவதில்லை. ஏதாவதொரு கட்டுரையின் அடியில் ‘தொடரும்’ என்றிருக்கும். மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று நான்காம் அத்தியாயத்தோடு நிற்கும். பின்னட்டை உள்பக்கத்தில் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கட்டம். காகித விலையோ, ஆசிரியருக்கு வந்த பணிமாற்றமோ, இரண்டு நண்பர்களுக்கிடையே வந்த மனஸ்தாபமோ அந்தத் ‘தொடரும்’ என்ற சொல்லைப் பொய்யாக்கியிருக்கும். அலமாரியைத் தூசி தட்டும்போதெல்லாம் அந்த ஐந்தாம் அத்தியாயத்தை நினைத்துக்கொள்கிறேன். அது மோசமாக இருந்திருக்கலாம் என்று மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை.

இதே ஏக்கம் ஹாலிவுட்டில் கோடிக்கணக்கான டாலர் செலவில் உண்டாகிறது. எடுக்கப்படாமல் போன தொடர்ச்சிகள் என்று பேச்செடுத்தால் ‘ஏலியன்’ வரிசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்தது முதல் படம். 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ இரண்டாவது. அதன் முடிவில் நாயகி ரிப்ளியும், அவள் காப்பாற்றிய சிறுமி நியூட்டும், காயம்பட்ட சிப்பாய் ஹிக்ஸும், இரண்டாகக் கிழிந்த செயற்கை மனிதன் பிஷப்பும் சுலாகோ என்ற கலத்தில் உறைதுயிலில் படுத்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் உறவில்லை, ஆனாலும் ஒரு குடும்பம். பார்த்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். தயாரிப்பாளர்களால் அப்படிப் போக முடியுமா?

மூன்றாவது படத்துக்கு முதலில் ஆள் பிடித்தது வில்லியம் கிப்சனை. 1984-இல் ‘நியூரோமான்சர்’ எழுதிப் பெயர் வாங்கியவர். 1987-இல் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். அந்தக் கதையில் மனித குலம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடக்கிறது. வழிதவறிய சுலாகோ எதிர்முகாமின் எல்லைக்குள் புகுகிறது. அவர்கள் ஏறி வந்து பிஷப்பைத் தூக்கிப் போகிறார்கள். பிறகு இரண்டு முகாம்களும், ஒன்றுக்கு மற்றது தெரியாமல், ஏலியன் என்ற அந்த வேற்றுலக ஜந்துவை ஆயுதமாக்கப் பார்க்கின்றன. இரண்டு இடத்திலும் கைமீறிப் போகிறது. ரிப்ளி பெரும்பாலும் நினைவில்லாமலே கிடக்கிறாள். ஹிக்ஸும் பிஷப்பும்தான் கதையை நடத்துகிறார்கள். கிப்சன் எழுதிய உலகம் அன்றைய பனிப்போர் உலகம். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது, அதோடு கதையின் முதுகெலும்பும் போயிற்று. அதற்கு முன்பே ஸ்டுடியோவுக்கு அதில் ஆர்வம் போய்விட்டது என்பது வேறு விஷயம். தான் எழுதியதில் படத்தில் மிஞ்சியது கைதிகளின் பிடரியில் இருக்கும் பார்கோடு மட்டுமே என்று கிப்சன் சொல்லியிருக்கிறார்.

பிறகு எரிக் ரெட் ஒரு வரைவு எழுதினார். டேவிட் டூஹி ஒன்று எழுதினார். சிறைக் கோள் என்ற யோசனை டூஹியுடையது. ஆனால் அவர் கதையில் ரிப்ளி இல்லை. ரிப்ளியாக நடிக்கும் சிகர்னி வீவர் இல்லாமல் எப்படி என்றது ஸ்டுடியோ. டூஹி விலகினார். பின்னாளில், இருளில் வேட்டையாடும் பிராணிகள் நிறைந்த கோளில் ஒரு கைதி மாட்டிக்கொள்ளும் ‘பிட்ச் பிளாக்’ படத்தை எடுத்துப் பிழைத்துக்கொண்டார். இயக்குநராக இருந்த ரென்னி ஹார்லினும் பொறுமையிழந்து போய்விட்டார்.

அடுத்து வந்தவர் நியூசிலாந்துக்காரரான வின்சென்ட் வார்ட். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. 1988-இல் ‘தி நேவிகேட்டர்’ எடுத்தவர் அவர். கொள்ளைநோய்க்கு அஞ்சிய இடைக்கால இங்கிலாந்துக் கிராமத்தார் சிலர் பூமியைக் குடைந்துகொண்டே போய் இருபதாம் நூற்றாண்டு நகரம் ஒன்றில் வெளிப்படும் படம். அப்படிப்பட்டவரிடம் விண்வெளியைக் கொடுத்தால் என்ன செய்வார்? மரத்தால் ஒரு கோளைச் செய்தார். முழுக்க மரம். அடுக்கடுக்காக மரத்தளங்கள், மரத்தாலான தேவாலயம், படிக்கட்டுகள். அங்கே இயந்திரங்களைத் துறந்த துறவிகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாழ்கிறார்கள். ரிப்ளி வானத்திலிருந்து விழுகிறாள். கூடவே அதுவும் வருகிறது. அவர்களிடம் அதற்கு ‘ஏலியன்’ என்று பெயரில்லை. அவர்கள் அறிந்த பெயர் சாத்தான். அதைக் கூட்டி வந்தவள் ஒரு பெண்.

முதல் இரண்டு படங்களும் இரும்பால் ஆனவை. குழாய், சங்கிலி, எண்ணெய்ப் பிசுக்கு. அந்த ஜந்துவின் ரத்தம் அமிலம், இரும்பையே துளைக்கும். மரத்தின் மேல் அது சொட்டினால் என்ன ஆகும் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். எரியக்கூடிய ஓர் உலகத்தை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெற்றிடம் இருக்கும் ஓர் உலகத்தை வார்ட் கற்பனை செய்திருந்தார். ஸ்டுடியோ கேட்ட கேள்வியோ, விண்வெளியில் மரம் எப்படி வரும் என்பது. பெரிய மனிதர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எப்போதுமே ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் செட் வேலை தொடங்கிய பிறகு வார்ட் வெளியேறினார்.

தேதி குறித்தாகிவிட்டது, கதைதான் இல்லை. 1991-இல் ஒரு முன்னோட்டத் துணுக்கு வேறு வெளியிட்டார்கள். பூமியில் நடக்கப்போவதாக நினைக்க வைக்கும் துணுக்கு. படத்தில் பூமியே கிடையாது. மடோனாவின் ‘வோக்’ பாடலுக்குப் படம் பிடித்த, 28 வயது டேவிட் ஃபின்ச்சரைக் கூப்பிட்டு, முடியாத திரைக்கதையைக் கையில் கொடுத்துப் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். அவருக்கு அதுதான் முதல் படம். 1992-இல் வெளியான ‘ஏலியன் 3’ தன்னுடையதல்ல என்று இன்றுவரை ஒதுங்கியே நிற்கிறார். 2003-இல் அரை மணி நேரம் நீண்ட வேறொரு வடிவத்தை ஸ்டுடியோவே ஒட்டவைத்து வெளியிட்டபோதும் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் படத்தை இன்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. கைவிட்ட கதை எதுவும் போய்த் தொலையவில்லை. டூஹியின் சிறை இருக்கிறது. வார்டின் துறவிகள் மொட்டைத் தலையும் அங்கியுமாகக் கைதிகளாகிவிட்டார்கள். உலக முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு கிறிஸ்தவக் குழுவாம். கிப்சனின் பார்கோடு பிடரியில் இருக்கிறது. ‘கதை’ என்ற இடத்தில் வார்டின் பெயரும் இருக்கிறது. குடும்பத்தில் பிறந்து செத்த குழந்தைகளின் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வளர்ந்த கடைசிப் பிள்ளையைப் போல ஒரு படம். அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்கும். வரிசையில் மிகச் சோர்வான படமும் அதுதான், மிகப் பக்தியான படமும் அதுதான்.

ரசிகர்கள் மன்னிக்காதது வேறொன்றை. படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நியூட்டும் ஹிக்ஸும் உறக்கத்திலேயே செத்துப் போகிறார்கள். கேமரூன் கட்டித் தந்த குடும்பத்தை அடுத்த ஆள் ஒரே காட்சியில் புதைத்துவிட்டார். நமக்கு இது புதிதல்ல. கம்பர் முடிசூட்டு விழா நடத்தி, வந்தவர்களுக்கெல்லாம் விடை கொடுத்து அனுப்பியதோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தைத் தமிழில் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்கிறார்கள். இராமாயணம் கேட்ட எத்தனையோ பாட்டிமார் பட்டாபிஷேகத்தோடு எழுந்து போய்விடுவார்கள். மிச்சக் கதை அவர்களுக்குத் தெரியாது என்றில்லை. கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள், அவ்வளவே. உத்தர காண்டத்தைக் கிழித்துப் போடு என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

இயக்குநர் நீல் ப்ளொம்கேம்ப் கிழிக்கப் பார்த்தார். 2015 தொடக்கத்தில் சில ஓவியங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார். அவற்றில் வயதான ரிப்ளியும் முகத்தில் அமிலம் பட்ட தழும்போடு ஹிக்ஸும் இருந்தார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். மறுமாதமே ஸ்டுடியோவான ஃபாக்ஸ் தலையாட்டியது. இரண்டாவது படத்துக்குப் பின் நடந்தவற்றைக் கணக்கில் கொள்ளாமல் நேரே அங்கிருந்து தொடங்குவதாகத் திட்டம். இடையில் ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்: கவனன்ட்’ முன்னுக்கு வந்தது, 2017-இல் இது கைவிடப்பட்டது. அந்த ஐந்தாவது படம் வராதது நல்லதே என்று சொன்னால் நண்பர்கள் கோபிக்கிறார்கள். ஒரு சாவு பிடிக்கவில்லை என்பதற்காக அதை நடக்காததாக்கிவிட்டால் பிறகு எந்தச் சாவுக்கும் அழ முடியாது. 1997-இல் வந்த நான்காவது படம், மூன்றாவதன் முடிவில் செத்த ரிப்ளியைக் குளோனாகக் கொண்டுவந்து அதைத்தான் செய்தது. கடைசிக் காட்சியில் அவளுக்குப் பூமியையும் காட்டி நிறுத்தினார்கள். அதற்கும் தொடர்ச்சி வரவில்லை. ‘கவனன்ட்’ முடிவில் உறைதுயிலில் கிடக்கும் 2,000 குடியேறிகளுக்கு நடுவே டேவிட் என்ற செயற்கை மனிதன் உலாவுகிறானே, அதற்குப் பிறகும் இல்லை. 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியபோது இந்த முடியாத வாக்கியங்களையும் சேர்த்தே வாங்கியது.

வாங்கியவர்கள் எதையும் வீணாக்குவதில்லை. 2024-இல் ‘ஏலியன்: ராமுலஸ்’ வந்தபோது முதல் படத்தில் செயற்கை மனிதனாக நடித்து 2020-இல் காலமான இயன் ஹோமின் முகத்தைக் கணினியில் மீட்டெடுத்து ஒரு செயற்கை மனிதனுக்கு மாட்டிவிட்டார்கள். எடுக்கப்படாத கதைகளும் இப்போது சரக்குதான். கிப்சனின் வரைவு 2018-இல் காமிக்ஸாக வரத் தொடங்கியது, 2019-இல் ஒலி நாடகமானது, 2021-இல் பாட் கேடிகன் அதை நாவலாக்கினார். நின்றுபோன சிற்றிதழின் ஐந்தாம் அத்தியாயம் முப்பது வருடம் கழித்துத் தபாலில் வந்து விழுந்த மாதிரி.

‘ஏலியன் 3’-இல் ஹிக்ஸ் வருவது கணினித் திரையில் ஒரு புகைப்படமாக மட்டும். ஹிக்ஸாக நடித்த மைக்கேல் பீன் அதற்கு நல்ல தொகை கேட்டு வாங்கினார் என்பார்கள், வாங்கட்டும். ஒலி நாடகத்தில் அதே பீன், அறுபதைத் தாண்டிய வயதில், ஹிக்ஸாகப் பேசுகிறார். பிஷப்பாக லான்ஸ் ஹென்ரிக்சன். அங்கே முகம் மட்டும், இங்கே குரல் மட்டும். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஹிக்ஸ் வாய் திறக்கும் அந்த முதல் நிமிடம் உடம்பு சிலிர்க்கிறது. பிறகு கதை தொடங்கிவிடுகிறது.